அரை எச்.பி. போதும்

கோவையில் பொன்னுரங்கம் என்றொரு பம்ப்செட் கடை முதலாளி இருந்தார். மோட்டார் கேட்டு யார் வந்தாலும், "கிணறு எத்தனை அடி?" என்றுதான் முதலில் கேட்பார். அவரே ஊர் மெச்ச மூவாயிரம் சிசி எஞ்சின் கார் வாங்கி, டிரைவர் ஓட்ட, பின்சீட்டில் தனி ஆளாகக் கடைவீதி நெரிசலில் ஊர்ந்து வந்தார். லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்தான் கிடைத்தது.

"பெட்ரோலைத் திருடுறியா? நாளைக்குள்ள பதினெட்டு வரணும். இல்லேன்னா வேலையை விட்டுப் போயிரு" என்றார் டிரைவர் சடையப்பனிடம்.

மறுநாள் கடையில் நல்ல கூட்டம். சடையப்பனும் வரிசையில் நின்றார்.

"மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்தணுங்க. பத்து எச்.பி. மோட்டார் குடுங்க."

முதலாளி சிரித்தார். "அதுக்கு அரை எச்.பி. போதும்யா. பெருசு போட்டா கரண்டைத்தான் குடிக்கும்."

"அப்ப நான் கரண்டைத் திருடினதா ஆகாதுங்களே?"

"மோட்டார் குடிச்சா நீ எப்படித் திருடன் ஆவே?" என்றவரின் கண் வாசலில் நின்ற காருக்குப் போனது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

"சரி, எனக்கு எத்தனை சிசி போதும்?" என்றார் மெல்ல.

"கிணறு எத்தனை அடிங்க? ஊருக்குள்ள ஒருத்தர் போக ஆயிரம் போதும். குடும்பத்தோட அடிக்கடி ஊட்டி ஏறணும்னா கொஞ்சம் பெருசு வேணும்."

அடுத்த மாதம் வாசலில் சின்னக் கார் நின்றது. சாவி சடையப்பனிடமே இருந்தது.