உள்ளே தங்கிய குண்டு

சீடர்கள் எல்லோரும் காவி கட்டிக்கொண்டு வருவதில்லை. பரஞ்சோதி காக்கி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஆனைமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தைத் தூளாக்கும் ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் அவர். குரு, அதே தோட்டத்து ஆஸ்பத்திரியின் டாக்டர் தேவநேசம். வயதில் டாக்டர்தான் இளையவர். இருவரும் நெல்லைச் சீமைக்காரர்கள். அந்த மலையில் வேறு எந்த ஒற்றுமையும் அவர்களுக்குள் இல்லை.

ஒரு யானை ஆளைக் கொல்ல ஆரம்பித்துவிட்டது என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டால், சுடச் சொல்லி டாக்டருக்குத்தான் உத்தரவு வரும். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை கொடுத்துவிட்டுப் போன இரட்டைக்குழல் ரைஃபிள் அவரிடம் இருந்தது. நானூற்றெழுபது என்று அதற்குப் பெயர். அதன் தோட்டா ஒன்று ஆளின் நடுவிரலைவிட நீளம். சுட்டால் தோளில் மாடு முட்டியதுபோல் இருக்கும்.

பரஞ்சோதி அதில் சுடக் கற்றுக்கொண்டார். நன்றாகவே சுட்டார். ஆனால் கூடவே ஒரு பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. துப்பாக்கிக் கம்பெனிகள் அச்சடிக்கும் விலைப்பட்டியல்களைத் தேடித் தேடிப் படித்தார். எந்தத் தோட்டாவுக்கு என்ன வேகம், என்ன பலம், எத்தனை அங்குலம் துளைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

டாக்டர் கேட்டுச் சிரிப்பார். "யானையும் இதைப் படிச்சிருந்தா நல்லது வே" என்பார்.

அந்த வருஷம் ஒரு ஒற்றைக் கொம்பன் யானை மலையிறங்கி வந்தது. மூன்று பேரைக் கொன்றது. மூன்றாவது ஆள் இருளாண்டி, பரஞ்சோதியின் ஃபாக்டரியில் இலை உலர்த்தும் டிரையருக்கு விறகு போடுகிறவன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சொல்கிறவர்கள் இருளாண்டியின் பெண்டாட்டி எதிரில் நின்று ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். பரஞ்சோதிதான் அவனைச் சாக்கில் சேர்த்தெடுத்துக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சுட உத்தரவு வந்தது. அன்று காலை தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒரு பிரசவம் சிக்கலாகிவிட்டதென்று ஆள் ஓடிவந்தான். டாக்டர் மருந்துப் பையை எடுத்துக்கொண்டார். துப்பாக்கியையும் தோட்டாப் பையையும் பரஞ்சோதியிடம் கொடுத்தார்.

"நான் வர்ற வரைக்கும் இரும்" என்றார்.

அவர் திரும்பியபோது மதியம் தாண்டிவிட்டது. பரஞ்சோதி ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார்.

"அடிச்சிட்டேன் டாக்டரய்யா."

"எதை?"

"கொம்பனை. கூலி லயத்துக்குக் கீழ வாழையைத் தின்னுட்டு நின்னுச்சு. விட மனசு வரலை."

"விழுந்துச்சா?"

"இல்லை. திரும்பிச் சோலைக்காட்டுக்குள்ள போயிடுச்சு. நல்ல ரத்தம். இந்நேரம் விழுந்திருக்கும்."

டாக்டர் கை கழுவப் போனார். சட்டைக் கையில் பிரசவத்து ரத்தம் காய்ந்து கிடந்தது.

"தாயும் பிள்ளையும்?" என்று கேட்டார் பரஞ்சோதி.

"இருக்காங்க. எங்க அடிச்சீரு?"

"உடம்புல."

"யானைக்கு உடம்புன்னு ஒரு இடம் கிடையாது வே."

பரஞ்சோதி தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

"எந்தத் தோட்டா?"

அந்தத் துப்பாக்கிக்கு இரண்டு வகைத் தோட்டா உண்டு. ஒன்றின் குண்டுக்கு மூக்கு நுனியில் ஈயம் வெளியே தெரியும். அதைச் சாஃப்ட் என்பார்கள். சதையில் பட்டதும் நசுங்கி விரியும். இன்னொன்றுக்கு மூக்கு முழுக்க உலோக உறை. அது சாலிட். விரியாது, எலும்பைத் துளைத்து நேரே போகும்.

"சாஃப்ட்" என்றார் பரஞ்சோதி. "சாலிட் ஊடுருவி அந்தப் பக்கம் போயிட்டா பலமெல்லாம் வீணு. சாஃப்ட்தான் மொத்தத்தையும் உள்ளேயே இறக்கும்னு கம்பெனி பட்டியல்ல போட்டிருக்கான்."

"சிறுத்தைக்கு எழுதினதை யானைக்குப் படிச்சிருக்கீரு."

பரஞ்சோதியின் முகம் சுருங்கிவிட்டது. தப்பு என்று தெரிந்த பிறகும் மனிதன் சும்மா இருப்பதில்லை, கொஞ்சம் பேசிப் பார்ப்பான்.

"இருந்தாலும் பெரிய குண்டு டாக்டரய்யா. உள்ள போயிருக்குல்ல? அதை வச்சிக்கிட்டு எவ்வளவு தூரம் போயிரும்? நீங்களே சொல்லுங்க."

டாக்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தட்டுல பரப்பின இலை வாடிருச்சான்னு எப்படிப் பாக்கீரு?"

"அள்ளிக் கையில அமுக்கிப் பாப்பேன்."

"பரப்பி நேரமாச்சு, வாடியிருக்கும்னு மெஷின்ல கொட்டிர மாட்டீரே?"

"மாட்டேன்."

"அப்ப வாரும்."

"இப்பவா? சோலைக்குள்ள சீக்கிரம் இருட்டிரும். காலையில பத்து ஆளோட போனா செத்துக் கிடக்கிறதைப் பாத்திரலாம்."

"காலையில கொழுந்து எடுக்கிற பொம்பளைக அந்தச் சோலை ஓரத்துலதான் நிப்பாங்க."

"நாளைக்கு வேலையை நிறுத்தச் சொல்லிருவோம்."

"நாளை கழிச்சு?"

பரஞ்சோதி துப்பாக்கியை நீட்டினார்.

டாக்டர் ரைஃபிளை வாங்கி மடக்கினார். உள்ளே இருந்த சாஃப்ட் தோட்டாவை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு குழலிலும் சாலிட் போட்டு மூடினார். மேற்கொண்டு சிலதைப் பரஞ்சோதியின் சட்டைப் பையில் போட்டார். துப்பாக்கியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். தான் மருந்துப் பையையும் ஒரு வெட்டுக்கத்தியையும் எடுத்துக்கொண்டார்.

காயம்பட்ட மிருகத்தைத் தேடிப் போனால், காயப்படுத்தியவன்தான் முன்னால் நடக்க வேண்டும். துப்பாக்கியும் அவன் கையில்தான் இருக்க வேண்டும். அந்த மலை வேட்டைக்காரர்களுக்குள் அது எழுதாத சட்டம். பரஞ்சோதிக்கும் தெரியும்.

"நீங்க வெறுங்கையோட எதுக்கு வரணும்?" என்றார்.

"உமக்குச் சொல்லிக் குடுத்தவன் நான்தானே."

சோலை ஓரத்தில் ரத்தம் தாராளமாக இருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே இலைகளில் பூசியிருந்தது. பரஞ்சோதிக்குத் தெம்பு வந்தது. ஓடையைத் தாண்டியபோது அது சொட்டுச் சொட்டாகிவிட்டது. அதற்கப்புறம் ஓர் ஏலக்காய்ச் செடியில் விரல் நுனி அளவு. பிறகு ஒன்றும் இல்லை.

"நின்னு போச்சு" என்றார் மெதுவாக. "விழுந்திருக்குமோ?"

"செத்தாலும் ரத்தம் நிக்கும். பிழைச்சாலும் நிக்கும்."

அதன்பின் காலடித் தடத்தைப் பார்த்து நடந்தார்கள். தடம் நேராகப் போயிற்று. கால் இழுபட்ட குறியோ, மரத்தில் சாய்ந்து நின்ற குறியோ எங்கும் இல்லை. சாகப் போகிற மிருகத்தின் நடை அது இல்லை என்பது பரஞ்சோதிக்குப் புரிந்தது. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் இருப்பது ஞாபகம் வந்தது. முதல் முறையாக, தன் கையில் இருந்த அவ்வளவு பெரிய துப்பாக்கி அவருக்குச் சின்னதாகத் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தார். டாக்டர் ஒரு எட்டுப் பின்னால் நின்றிருந்தார். 'போகலாம்' என்று தலையை மட்டும் அசைத்தார்.

மூங்கில் புதருக்கு அப்பால் சேறு கலைக்கும் சத்தம் கேட்டது.

கொம்பன் ஒரு சகதியில் நின்றது. தும்பிக்கையில் சேற்றை அள்ளித் தன் தோளில் அப்பிக்கொண்டிருந்தது. குண்டு பட்ட இடத்தில் அப்பி, கொஞ்சம் காத்திருந்து, மறுபடியும் அப்பியது. பரஞ்சோதிக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இருளாண்டியைக் கொன்ற யானை அது. ஆனாலும் கஷ்டமாகத்தான் இருந்தது.

காற்று திரும்பியது.

தும்பிக்கை பாதி வழியில் நின்றது. காது விரிந்தது. பிளிறல் எதுவும் இல்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்துவிட்டது.

"நில்லும்" என்றது பின்னாலிருந்து டாக்டரின் குரல். "நெத்தி முழுசும் வேண்டாம். ஒரு புள்ளியைப் பாரும்."

பரஞ்சோதி நின்றார். வேகம், பலம், அங்குலம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. இரண்டு கண்ணுக்கும் நடுவில் தோலில் ஒரு மடிப்பு. அதை மட்டும் பார்த்தார். அது மிக அருகில் வரும்வரை பார்த்தார். சுட்டார்.

கொம்பன் முட்டி போட்டது. எழுந்திருக்கப் பார்த்தது. இரண்டாவது குழலையும் சுட்டார். அது பக்கவாட்டில் சாய்ந்தது. மூங்கில்கள் முறிந்து விழுந்து, பிறகு எல்லாம் அடங்கியது.

டாக்டர் கிட்டே போய் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். அசையவில்லை.

பரஞ்சோதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பழி தீர்ந்தால் நெஞ்சு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தார். ஆகவில்லை. அழுகை வந்தது, அழுதார். டாக்டர் அவரைத் தேற்றவில்லை. பையைத் திறந்து கத்தியை எடுத்தார்.

முதலில் வெட்டுக்கத்தியால் தோலைக் கிழித்து, தோளை அறுத்தார். காலையில் போன குண்டு கிடைத்தது. எலும்பில் மோதி, நசுங்கிய தகரமூடிபோல் விரிந்து, கையளவு ஆழத்திலேயே நின்றிருந்தது. இதயத்துக்கும் போகவில்லை, நுரையீரலுக்கும் போகவில்லை.

"இதோட செத்திருக்காதா?" என்று கேட்டார் பரஞ்சோதி.

"சீழ் வச்சிருக்கும். வலிச்சிருக்கும். நம்ம பிள்ளைக பெரிசாகி வர்ற வரைக்கும் உயிரோடதான் இருந்திருக்கும்."

எங்கிருந்தோ ஒரு அழுகல் வாடை வந்தது. இப்போதுதான் செத்த மிருகம், அதற்குள் நாற நியாயமில்லை. டாக்டர் முகர்ந்துகொண்டே தலைப்பக்கம் போனார். கொம்பு முளைக்கிற இடத்தில் கன்னம் கல்லாக வீங்கியிருந்தது. கத்தியை வைத்ததும் சீழ் பீறிட்டது. டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டுத் துழாவினார். கொம்பின் வேர் பாதி அழுகிப்போயிருந்தது. பல்வலி வந்த மனிதன் பெண்டாட்டி பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார்.

கை ஏதோ ஒன்றோடு வெளியே வந்தது. சகதிக்குப் பக்கத்து ஊற்றில் கழுவினார். பரஞ்சோதியின் உள்ளங்கையில் அதை வைத்தார்.

சுண்டைக்காய் அளவுக்கு ஒரு ஈய உருண்டை. கறுத்துப் போயிருந்தது.

"நாட்டுத் துப்பாக்கி" என்றார் டாக்டர். "பட்டு நாலைஞ்சு வருஷமாவது இருக்கும்."

பரஞ்சோதி அதை விரலால் உருட்டிப் பார்த்தார். அவரால் நம்ப முடியவில்லை.

"இது எலும்பைத் துளைக்கவே இல்லையே டாக்டரய்யா. சதைக்குள்ளேயே நின்னுட்டுது. இதுக்கு என்ன பலம் இருந்திருக்கும்?"

"மூணு பேர்" என்றார் டாக்டர்.

பரஞ்சோதியின் கை மூடிக்கொண்டது. அவருக்குக் கோபம் வந்தது.

"இதைச் சுட்டுட்டுப் போனவன் எவனா இருக்கும்?"

டாக்டர் கத்தியைத் துடைத்துப் பையில் வைத்தார்.

"இருட்டுறதுக்குள்ள வீடு போய்ச் சேரணும்னு நினைச்ச எவனோ வே."