தானாக மாட்டிக்கொண்ட போல்டர்

சூசை ஒரு வாரமாக அமலியிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நான் எப்ப தேறுவேன்?"

அமலி ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. சூசைக்கு ஐம்பத்து நான்கு. மணல்துறை மீன்பிடித் துறைமுக அலுவலகத்தில் இருபது வருஷம் வயர்லெஸ்ஸில் பேசியவர்; அவர் குரல் தெரியாத படகு அந்தக் கரையில் கிடையாது. அந்த மனுஷர் இப்போது மகள் வயசுப் பெண்ணிடம் கணினி கற்றுக்கொண்டிருந்தார். வெளியே பணிவு, உள்ளே வீம்பு.

படகுப் பட்டியல் எல்லாம் அடுத்த அறையில் இருக்கும் சர்வர் பெட்டியில் இருந்தது. சூசையின் கணினியில் 'கடல்' என்று ஒரு போல்டர். தினமும் காலையில் கடவுச்சொல் போட்டு அந்தப் பெட்டியை இந்தப் போல்டரில் மாட்ட வேண்டும். மாட்டினால் பெட்டியில் இருப்பதெல்லாம் போல்டரில் தெரியும். இந்தத் தினசரித் தொல்லை சூசைக்குப் பிடிக்கவில்லை. கணினி எழும்போதே தானாக மாட்டிக்கொள்ளும்படி போன வாரம் அவரே ஒரு வரி எழுதினார். பெட்டி கிடைக்காவிட்டால் தொணதொணக்காமல் மேலே போ என்று அதில் ஒரு சொல்லும் சேர்த்தார். அது வேலை செய்தது. அதிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்குச் சூறைக்காற்று எச்சரிக்கை வந்தது. இன்னும் கரை திரும்பாதவை எந்தெந்தப் படகுகள், எந்தப் பக்கம் போனவை என்று மீட்புக் கப்பல் வயர்லெஸ்ஸில் கேட்டது. சூசை 'கடல்' போல்டரைத் திறந்தார். நேற்றைய பட்டியல் இருந்தது. முந்தாநாள் பட்டியல் இருந்தது. விடிந்ததிலிருந்து அவர் உட்கார்ந்து தட்டிய எழுபத்து மூன்று படகுகளின் பட்டியல் இல்லை.

அமலிக்குப் போன் செய்தார்.

அவள் வந்தபோது மணி பன்னிரண்டரை. வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். முன்னால் ரெஜினா நின்றாள். அவள் புருஷனின் படகு இன்னும் வரவில்லை.

"இன்னைக்கு லிஸ்ட்ட எங்க போட்டீய அண்ணாச்சி?" என்று கேட்டாள் அமலி.

"கடல் போல்டர்லதான்."

"நடுவுல கம்ப்யூட்டர் அணைஞ்சுதா?"

"பதினோரு மணிக்குக் கரண்ட் போய் வந்துச்சு."

"காலையில திறக்கையில நேத்து லிஸ்ட் உள்ள கெடந்துச்சா?"

சூசைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காலையில் போல்டர் துடைத்துப் போட்ட மாதிரி இருந்தது. ஒன்றாம் தேதி, யாரோ பழசையெல்லாம் அழித்திருப்பார்கள் என்று நினைத்தார். கடலுக்குப் போகும் டோக்கனுக்கு ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள், எழுத ஆரம்பித்துவிட்டார். இப்போது அதைச் சொன்னால் அந்த வரியைப் பற்றிப் பேச்சு வரும். வாசலில் அத்தனை பேர் நிற்கிறார்கள்.

"கெடந்துச்சு" என்றார்.

அமலி நம்பினாள். நேற்றையது தெரிந்தது என்றால் இன்றையதும் சர்வருக்குத்தான் போயிருக்க வேண்டும். அடுத்த அறைக்குப் போய்த் தேடினாள். அழித்தவை சேரும் இடத்தில் தேடினாள். நகல் எடுத்து வைத்திருந்த இடத்திலும் தேடினாள்.

"மணல்துறை, லிஸ்ட் என்ன ஆச்சு?" வயர்லெஸ் கேட்டது.

இருபது வருஷத்தில் சூசை பதில் சொல்லாமல் விட்ட முதல் அழைப்பு அது.

"அண்ணே," என்றாள் ரெஜினா, "எங்க வீட்டு ஆளு தெக்க போச்சா, கெழக்க போச்சா? நீங்கதான எழுதினீய?"

எழுபத்து மூன்றில் அவருக்கு ஏழெட்டுத்தான் நினைவில் இருந்தது. ரெஜினாவின் படகு அதில் இல்லை. வெளியே காற்று ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பத்தொன்று. எழுந்து அடுத்த அறை வாசலுக்குப் போனார்.

"டீச்சர், கெடக்கல."

"என்ன கெடக்கல?"

"காலையில போல்டர் காலியா இருந்துச்சு. பாத்தேன். பாத்துட்டுத்தான் எழுதினேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

எல்லார் காதிலும் விழும்படியாகத்தான் சொன்னார். அமலி திட்டவில்லை. நேராக அவர் கணினிக்கு வந்தாள்.

"பெட்டியக் கழட்டுங்க."

"கழட்டுனா இருக்குறதும் போயிருமே டீச்சர்."

"கழட்டுங்க."

அவர் தட்டினார். நேற்றைய பட்டியல் மறைந்தது. முந்தாநாளையது மறைந்தது. அந்த இடத்தில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. இன்றைய தேதி.

சூசை மைக்கை எடுத்தார். திரும்பி வந்த படகுகள் ஒப்படைத்திருந்த டோக்கன்களை அமலி எண் எண்ணாகச் சொல்ல, அவர் பட்டியலிலிருந்து நீக்கிக்கொண்டே வந்தார். ஐந்து மிஞ்சின. ஐந்தையும் பெயர், ஆள், திசை என்று வாசித்தார். ஐந்தாவது ரெஜினாவின் படகு. நாலு பேர், தென்கிழக்கு.

நான்கு படகுகள் மூன்று மணிக்குள் தாமாகவே வந்து சேர்ந்தன. ரெஜினாவின் படகு என்ஜின் நின்று அலையில் கிடந்ததாம். மீட்புக் கப்பல் அதைக் கட்டி இழுத்து வந்தபோது மணி ஐந்து. ரெஜினா கரைக்கு ஓடினாள்.

அலுவலகத்தில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"அது எப்படி டீச்சர் அடியில கெடந்துச்சு?"

"காலையில பெட்டி எழும்புறதுக்கு முன்ன உங்க கம்ப்யூட்டர் எழும்பிட்டு. மாட்ட ஒண்ணுமில்ல. வெறும் போல்டர்ல எழுதியிருக்கீய. கரண்ட் போய் வந்தப்ப பெட்டி முந்திக்கிட்டு, மேல வந்து மாட்டி அத மூடிட்டு."

"என்கிட்ட அது ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்லாதன்னு நீங்கதான எழுதி வச்சீய."

சூசை அந்த வரியைத் திரையில் திறந்தார்.

"அந்த வரிய அழிச்சிரட்டா?"

"வரி இருக்கட்டும். அந்தச் சொல்ல மட்டும் எடுங்க."

எடுத்தார். பிறகு மெதுவாக, "நான் இன்னும் தேறல, இல்லையா டீச்சர்?" என்றார்.

"தேறிட்டீயளே அண்ணாச்சி."

"எப்ப?"

அமலி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பன்னெண்டு நாப்பத்தொண்ணுக்கு."