தலைகீழாய் இறங்கும் குருவி

அந்தக் காலத்தில், மரமும் பறவையும் பேசிக்கொண்ட நாளில், கடல் நடுவே ஒரு தீவின் மலைமேல் பைன் காடு இருந்தது. வெயில் ஏற ஏறக் காய்கள் டக், டக் என்று வாய் பிளந்து விதை உதிர்க்கும். பனி மூடிய குளிர்காலம் முழுக்க, சாம்பலி என்ற சின்னக் குருவியின் காதில் அந்தப் பழைய சத்தமே கேட்டுக்கொண்டிருந்தது. பனியில் காய் பிளக்காது.

அவள் கணவன் கருமுடியன் முன்யோசனைக்காரன். வெயில் நாளிலேயே பட்டை இடுக்குகளில் விதைகளைச் செருகி வைத்திருந்தான். ஆனால் மரத்தில் தலைகீழாக இறங்கிக்கொண்டே செருகினான். பறவைகளெல்லாம் தலை நிமிர்ந்து ஏறிய காலம் அது.

"என்னடி சாம்பலி, உன் வீட்டுக்காரர் வௌவால் வம்சமா?" என்று எதிர்மரத்து மரங்கொத்தி கேட்டாள்.

சாம்பலிக்கு உடம்பெல்லாம் கூசியது. "இனிமே தலைகீழா இறங்க மாட்டேன்னு நம்ம பொந்து வாசல்ல வச்சுச் சொல்லுங்க."

சொன்னான். பொந்து வாசலில் கொடுத்த வாக்கை, வாங்கியவர் திருப்பித் தந்தால் ஒழிய, அந்தக் குலத்தில் யாரும் மீறுவதில்லை.

பனி விழுந்தது. இருவரும் நிமிர்ந்தபடி ஏறித் தேடினார்கள். ஒரு விதைகூடக் கண்ணில் படவில்லை.

"இடுக்கு மேல்பக்கமாத்தான் திறந்திருக்கு. மேலேருந்து இறங்கினாத்தான் தெரியும், சாம்பலி."

"அந்த மரங்கொத்தி பார்த்துட்டே இருக்கா. நாளைக்கு வெயில் வரும், விடுங்க."

அவன் வற்புறுத்தவில்லை. கிடைத்த ஒரே புழுவை அவளிடம் தள்ளிவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்றான்.

மூன்றாம் நாள் அவனால் எழ முடியவில்லை. சாம்பலி பொந்தைவிட்டு வெளியே வந்தாள். மரங்கொத்தி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்க்கட்டும் என்று உச்சிக்குப் பறந்து, தலையைக் கீழே போட்டு இறங்கினாள். நாலடி இறங்குவதற்குள் இடுக்குக்கு இடுக்கு விதை தெரிந்தது.

ஒன்றைக் கவ்விக்கொண்டு பொந்துக்குப் பறந்து அவன்முன் வைத்தாள். "வாக்கைத் திருப்பிக் கொடுத்துட்டேன். சாப்பிடுங்க."

அவன் அலகு திறக்கவில்லை. உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

அந்தத் தீவின் பைன் மரங்களில் அந்தக் குருவிகள் தலைகீழாய் இறங்கி இரை தேடுவது அன்று தொடங்கியதுதான்.

சாம்பலி இன்னும் நான்கு குளிர்காலம் உயிரோடு இருந்தாள். வேறு துணை தேடவில்லை.