தண்டலார் வீட்டு வட்டங்கள்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஆற்றுக்கு இந்தப் பக்கம் முழுவதையும் மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் ஒன்று சொல்வான், மத்தியானம் அதை மாற்றுவான், இரண்டுக்கும் சபையார் தலையாட்டுவார்கள். அப்படி ஆண்டான். அந்த வருஷம் தோட்டத்து மயில் ஜோடிக்குக் கல்யாணம் செய்து வைத்தான். வீதியெல்லாம் பந்தல், ஊருக்கே விருந்து. எல்லாம் முடிந்து கஜானாவைத் திறந்தால் உள்ளே பல்லிதான் இருந்தது.

பணத்துக்கு என்ன வழி என்று சபையில் கேட்டான். தண்டல் அதிகாரி மாசிலாமணி எழுந்தார். மந்திரி திருமலைக்கொழுந்தின் ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். பஞ்ச காலத்தில் குடிகள் அரண்மனைக் களஞ்சியத்தில் வாங்கிய நெல்லுக்குப் பாக்கி நிற்கிறது, வட்டியோடு வசூலித்தால் கஜானா வழியும் என்றார்.

அது ராஜாவின் தாத்தா காலத்துப் பஞ்சமாயிற்றே என்றார் மந்திரி. கொடுத்தவரும் இல்லை, வாங்கினவரும் இல்லை. அப்போதே ஏரி வெட்டிக் கழித்துவிட்டார்கள் என்றுதான் ஊரில் பேச்சு.

"பேச்சையெல்லாம் கஜானாவில் வைத்துப் பூட்ட முடியாது மந்திரியாரே," என்றார் மாசிலாமணி. ராஜா சிரித்தான். அதனால் சபையும் சிரித்தது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடன்பட்டவரைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிட்டால், கடன் தீரும்வரை அவர் அதைத் தாண்டக் கூடாது. மாசிலாமணி அதற்கு மேலும் ஒன்று கேட்டார். தான் போடும் வட்டத்தை ராஜாவே ஆனாலும் மிதிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது.

ராஜாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது, சரி என்றுவிட்டான். மந்திரி சிரிக்காமல் எழுந்தார்.

"அடியேனும் ஒன்று சேர்க்கிறேன். கடன்பட்டவரைக் கண்ட இடத்திலேயே அதிகாரி வட்டம் போட வேண்டும். இரக்கப்பட்டு விட்டுவிட்டாரானால் அந்தக் கடன் அவர் தலையில்."

"இரக்கமா, எனக்கா?" என்று மார்பைத் தட்டிக்கொண்டார் மாசிலாமணி. அதுவும் உத்தரவாயிற்று.

மறுநாளே சந்தையெல்லாம் வட்டம். சித்திரை வெயிலில் ஜனங்கள் உள்ளே நின்று வெந்தார்கள். ஆட்டை விற்றவர்கள், காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தவர்கள் வெளியே வந்தார்கள்.

மோர் விற்கிற சடைச்சிக்கும் பாக்கி என்று தண்டோரா போட்டார்கள். புருஷன் செத்த பிறகு அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது ஒரே ஒரு எருமை. பாக்கியைக் கட்டினால் எருமை போகும். அவள் அதிகாரி கண்ணில் படாமல் சந்து சந்தாக நுழைந்து மந்திரி வீட்டில் வந்து அழுதாள்.

மந்திரி ஆறுதல் சொல்லவில்லை. மாசிலாமணி மகளுக்கு நாளைக்கு நிச்சயதார்த்தமாமே, ராஜாகூட வருகிறாராமே, மோர் யார் ஊற்றுகிறது என்று விசாரித்தார்.

"நான்தான் சாமி வாடிக்கை. ஆனா என்னைக் கண்டா வட்டம் போட்டுடுவாரே."

"போடட்டுமே. போடாமல் விட்டால்தான் அவருக்கு நஷ்டம்."

சடைச்சி அழுகையை நிறுத்தினாள். "நான் மட்டும் போகணுமா சாமி, ஆள் கூட்டிக்கிட்டுப் போகலாமா?"

மந்திரி தெரு முழுவதையும் கையால் காட்டினார். வாயில் வெற்றிலை இருந்தது.

விடிந்ததும் மாசிலாமணி வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் பாக்கிக்காரர்கள். விறகு கொண்டுவந்தவர் அடுப்புக்கு முன்னால் நின்றார். குயவர் கிணற்றடியில் உட்கார்ந்தார். வாழை இலை கொண்டுவந்தவள் கூடத்து நடுவில் இலைக் கட்டை இறக்கினாள். விருந்து ஏற்பாட்டுக்கு வந்திருந்த அரண்மனைச் சேவகர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள், ஆகையால் கண்டும் காணாத மாதிரி இருக்க முடியவில்லை. மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு வட்டம் போட்டார். சமையல்காரருக்கு அடுப்பு எட்டவில்லை, தண்ணீருக்குப் போக வழியில்லை. பணப்பெட்டி இருக்கும் அறை வாசலில் நின்றுகொண்டு சடைச்சி கூப்பிட்டாள்.

"சாமி, சடைச்சி வந்திருக்கேன். பார்த்துட்டீங்கல்ல?"

அவளுக்கும் ஒரு வட்டம். சம்பந்தி வீட்டார் வட்டங்களுக்கு இடையில் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார்கள்.

ராஜா மந்திரியோடு வந்தான். கால் வைக்க இடம் தேடினான். "இது நிச்சயதார்த்தமா, கோலப் போட்டியா?" என்று கேட்டான்.

வட்டங்களை அழிக்க உத்தரவு வேண்டும் என்று மாசிலாமணி கெஞ்சினார். கடன் தீர்ந்தால் தாமாக அழியும், நல்ல நாளும் அதுவுமாக அதிகாரியே இவர்களுக்காகக் கட்டட்டும் என்றார் மந்திரி. ராஜாவுக்குப் பசி, சரி, நீரே கட்டும் என்றுவிட்டான்.

"கட்டுகிறேன் மகாராஜா. ஆனால் பெட்டி உள்ளே அல்லவா இருக்கிறது. இந்த வட்டத்தைத் தாண்டாமல் எப்படிப் போவேன்? நகர விடாமல் நிறுத்திவைத்துப் பணம் கேட்டால் எங்கே போவேன்?"

"அதையேதான் சாமி, சந்தையில நின்னவங்களும் கேட்டாங்க," என்றாள் சடைச்சி. "பெட்டி என் கைக்கு எட்டும். சாவியைப் போடுங்க, எடுத்துத் தாரேன்."

மாசிலாமணி இடுப்பைப் பொத்திக்கொண்டார். சாவி தொலைந்துவிட்டது என்றார். பிறகு பெட்டியே காலி என்றார். ராஜா கையை நீட்டினான். சாவி வந்தது.

சடைச்சி மூடியைத் தூக்கினாள். உள்ளே அரண்மனை முத்திரை போட்ட பைகள், சந்தையில் நின்றவர்கள் கட்டிய பணம். வசூல் இன்னும் சரிவரவில்லை என்று முந்தின நாள்தான் மாசிலாமணி சபையில் வருத்தப்பட்டிருந்தார்.

ராஜா பைகளின் முத்திரையைப் பார்த்தான். அவரவர் பணத்தை அவரவரிடம் கொடுக்கச் சொன்னான். பஞ்சத்துப் பாக்கி இன்றோடு இல்லை என்றான். மாசிலாமணிக்கு இனி அதிகாரி வேலை இல்லை, சந்தையில் போட்ட வட்டங்களைத் தம் கையால் கழுவ வேண்டும் என்றான். பிறகு கழுத்து முத்துமாலையைக் கழற்றிக்கொண்டு, என்ன வேண்டுமென்று சடைச்சியைக் கேட்டான்.

"முதல்ல இந்த வட்டத்தை அழிக்கச் சொல்லுங்க மகாராசா. பால் கறக்காம எருமைக்கு மடி கட்டிக்கிட்டிருக்கும்."

யாரும் கிட்டே வரவில்லை. ராஜாவே ஆனாலும் தொடக் கூடாது என்று சொன்னது ராஜாதானே. மந்திரி கூரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகுடவர்மன் குனிந்து, தோளில் கிடந்த சிவப்புப் பட்டால் தானே துடைத்தான்.

முத்துமாலையைச் சடைச்சி வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா? அந்தப் பட்டிலிருந்துதான் எத்தனை தடவை வெளுத்தும் சுண்ணாம்புக் கறை போகவே இல்லையாம்.