ரெண்டு சிப்பி வச்சிருந்த தவளை மந்திரி

மூணு சூரியனுக்கு நடுவுல ஒரு குட்டி நிலா சுத்திக்கிட்டு இருந்துச்சு. பேரு ஈரமதி. அங்க ஒரே ஒரு குளம். குளம் முழுக்கத் தவளைங்க!

ஈரமதிக்கு ஒரு பக்கம் நாரைப் பேரரசு. வெள்ளைக் கப்பல்ல வரும். இன்னொரு பக்கம் பாம்புக் கூட்டணி. சுருண்டு கிடக்குற கறுப்புக் கப்பல்ல வரும். ரெண்டுக்கும் ஜென்மப் பகை. நடு வானத்துல எங்க பாத்துக்கிட்டாலும் சுட்டுக்கும். ஆனா ரெண்டுக்கும் பிடிச்ச சாப்பாடு ஒண்ணுதான். தவளை!

அப்போ தவளைங்க எப்படிப் பொழைச்சுச்சுங்க? கத்திக் கத்தித்தான்!

கரையோரப் பாறையில ஒரு காவல் தவளை எப்பவும் வானத்தையே பாத்துக்கிட்டு இருக்கும். கப்பல் தெரிஞ்சா "க்ராக்!"னு ஒரு கத்து. பக்கத்துத் தவளை ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. தானும் ஒரு கத்து கத்திட்டு சேத்துக்குள்ள பாயணும். அப்படியே குளத்தைச் சுத்தி சத்தம் ஓடும். கப்பல் இறங்குறதுக்குள்ள குளம் காலி! ஆபத்து போனதும் யாராவது ஒருத்தர் வெளிய வந்து மறுபடி கத்துவாங்க. உயிரோட இருக்குற ஒவ்வொண்ணும் பதில் கத்தும்.

ஆனா கால் முளைக்காத தலைப்பிரட்டைங்களால சேத்துக்குள்ள போக முடியாதே! ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போயிடும்.

குளத்து மந்திரி நுணலியோட பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான் போச்சுங்க. ஒண்ணு கூட மிச்சமில்ல. அன்னையில இருந்து நுணலிக்கு ஒரே யோசனை. 'இதுக்கு ஒரு முடிவு கட்டணும். ஒரேயடியா!'

ஒரு நாள் நாரைங்க வந்துட்டுப் போன இடத்துல ஒரு சிப்பி கிடந்துச்சு. பேசுற சிப்பி! நுணலி எடுத்துக் கேட்டுச்சு.

"மந்திரியாரே! நாரைப் படைத் தளபதி பேசுறேன். வர்ற உங்க குளத்துத் திருவிழா அன்னிக்கு பாம்புக் கப்பல் அங்க வருது. நாங்க மேகத்துக்குள்ள பதுங்கி வந்து அமுக்கிடுவோம். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணணும். எங்களைப் பாத்தா கத்தாதீங்க! பாம்பு உஷாராயிடும்."

"உங்களை எப்படிங்க நம்புறது?"

"எங்களை நம்ப வேண்டாம். பாம்பு மேல எங்களுக்கு இருக்குற வெறியை நம்புங்க!"

நுணலிக்கு அது சரின்னு பட்டுச்சு.

ரெண்டு நாள் கழிச்சு மேற்குக் கரையில இன்னொரு சிப்பி! இதுல புஸ்ஸுபுஸ்ஸுன்னு ஒரு குரல்.

"மந்திரியாரே! பாம்புக் கூட்டணித் தலைவர் பேசுறேன். திருவிழா அன்னிக்கு நாரைங்களுக்கு ஒரு பொறி வைக்கிறோம். எங்களைப் பாத்தா கத்தாம மட்டும் இருந்துடுங்க!"

நுணலி தாமரை இலை மேல குதிச்சுக் குதிச்சு ஆடுச்சு! ரெண்டு சிப்பியிலயும் "சரிங்க"ன்னு சொல்லியாச்சு. ரெண்டு பேரும் வருவாங்க. ஒருத்தரை ஒருத்தர் அடிச்சே சாவாங்க. அதுக்கப்புறம் வானமே நம்மளோடது!

தங்கச்சி தெப்பிகிட்ட ஓடுச்சு. தெப்பிதான் காவல் தவளை. அந்தப் பருவத்துல தெப்பிக்கு எண்ணூறு தலைப்பிரட்டை. எல்லாத்துக்கும் அப்பத்தான் பின்னங்கால் எட்டிப் பாக்குது.

"தெப்பி! திருவிழா அன்னிக்கு எது வந்தாலும் நீ கத்தக் கூடாது."

"என்னண்ணே உளறுற? கண்ணுல பட்டா கத்தணும். வேற எதுவும் யோசிக்கக் கூடாது. அதானே நம்ம வழக்கம்?"

"இது அரசியல்! உனக்குப் புரியாது."

"சரி, கத்தல. சத்தமில்லாம சேத்துக்குள்ளயாவது போயிடலாம்ல?"

"ஐயோ, காரியமே கெட்டுச்சு! குளம் காலியா இருந்தா அவங்களுக்குச் சந்தேகம் வந்துடும். எல்லாரும் கரையில சாதாரணமா உக்காந்திருக்கணும்."

தெப்பி தண்ணியைத் திரும்பிப் பாத்து மெதுவா, "என் பிள்ளைங்க இருக்குண்ணே" அப்படின்னுச்சு.

"அதுங்களுக்காகத்தான்டி எல்லாம்! இனி ஒண்ணு கூட சாகாது!"

திருவிழா வந்துச்சு. மந்திரி சொன்னபடியே தவளைங்க எல்லாம் வரிசையா கரையில உக்காந்துச்சு. கிழக்குல வெள்ளைக் கப்பல் தெரிஞ்சுச்சு. மேற்குல கறுப்புக் கப்பல்! தெப்பியோட தொண்டை தானா உப்புச்சு. வாயைத் தொறந்துக்கிட்டே அண்ணனைத் திரும்பிப் பாத்துச்சு.

நுணலி வேண்டாம்னு தலையை ஆட்டுச்சு.

தெப்பி வாயை மூடிக்கிச்சு.

ரெண்டு கப்பலும் இறங்குச்சு. நாரைத் தளபதி இந்தக் கரை. பாம்புத் தலைவர் அந்தக் கரை. நடுவுல ஊரே உக்காந்திருக்கு! 'இப்போ பாரு! இப்போ பாரு!'ன்னு நுணலிக்கு நெஞ்சு அடிச்சுக்குது.

நாரை பாம்பைப் பாத்துச்சு. பாம்பு குளத்தைப் பாத்துச்சு.

"இவ்வளவு தவளையை ஒரே இடத்துல நான் பாத்ததே இல்லய்யா!" அப்படின்னுச்சு நாரை.

"நானும்தான்" அப்படின்னுச்சு பாம்பு. "கிழக்கு உனக்கு. மேற்கு எனக்கு. என்ன சொல்ற?"

"சண்டை?"

"சாப்பிட்டுட்டுப் பாத்துக்கலாம்!"

இத்தனை நாளா அதுங்க பசியில அடிச்சுக்கிச்சுங்க. இலை நிறையச் சோறு இருக்கும்போது எதுக்கு அடிச்சுக்கணும்? அதைத்தான் நுணலி யோசிக்கவே இல்ல.

"கத்துங்க! கத்துங்க!"ன்னு நுணலி அலறுச்சு. யாருக்கு நேரம் இருந்துச்சு? தெப்பி பாறையில இருந்து தாவுச்சு. சேத்துப் பக்கம் இல்ல, பிள்ளைங்க இருந்த பக்கம். அங்க போய்ச் சேரவே இல்ல.

கடைசியில நாரை நுணலியைக் கொத்தித் தூக்குச்சு. பாம்பு தடுத்துச்சு.

"அவரை விட்டுடு. பக்கத்து நிலாவுலயும் ஒரு குளம் இருக்காம். அங்க போய்ப் பேச ஒரு நல்ல மந்திரி வேணும்ல?"

ரெண்டும் சிரிச்சுக்கிட்டே கப்பல் ஏறுச்சுங்க.

குளத்துத் தண்ணி அசையல. நுணலி தெப்பியோட பாறையில ஏறுச்சு. "க்ராக்!"னு கத்துச்சு. பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு.

இன்னொரு தடவை கத்துச்சு.

மூணு சூரியனும் ஒண்ணு மாத்தி ஒண்ணு சாஞ்சுச்சு. நுணலி கத்திக்கிட்டேதான் இருந்துச்சு. தாமரை இலைக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்த ரெண்டு சிப்பியும் ஒரே நேரத்துல கூப்பிட்டுச்சு. "மந்திரியாரே! மந்திரியாரே!"

அந்த நிலாவுல நுணலியைக் கூப்பிட வேற குரலே இல்ல.

சொந்தக் கூட்டத்தோட வாயை அடைச்சுட்டு எதிரிங்களோட கணக்குப் போட்டுப் பேசுறவனுக்கு, கடைசியில பதில் சொல்ல எதிரிங்க மட்டும்தான் மிச்சம் இருப்பாங்க.