தேவசகாயம் நாள் பார்த்த கதை

"குருவே, பொண்ணு கேட்கப் போறதுக்கு ஒரு நல்ல நாள்கூட இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள இல்லையே" என்று புலம்பினார் சீடர் தேவசகாயம்.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரி. அங்கே கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவள் ஜெபசீலி. அவளுக்கு வயது இருபத்தொன்பது. அவளிடம் வேலை பழகும் தேவசகாயத்துக்கு நாற்பத்திரண்டு. கேலியாகத்தான் குருவே என்று ஆரம்பித்தார். அதுவே நிலைத்துவிட்டது.

தேவசகாயம் கட்டிக்கொள்ள நினைக்கும் நூலகத்து அமலி இன்று சாயங்காலம் ஐந்து மணி வரை கெடு வைத்திருந்தாள். தன் அம்மாவிடம் என்றைக்கு வந்து பெண் கேட்கப் போகிறார் என்று அவர் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சென்னைக்கு மாறுதல் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். மூன்று வருஷம் பொறுத்தவள். அவளைக் குறை சொல்ல முடியாது.

கறுப்புத் திரையில் சி, ஏ, எல் என்று மூன்று எழுத்தை அடித்து, பக்கத்தில் மாதத்தையும் வருஷத்தையும் கொடுத்தால் அந்த மாதத்துக் காலண்டர் வந்து நிற்கும். தேவசகாயம் காலையிலிருந்து அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

இந்த ஜூன் மாதத்தை அவர் பார்க்கவே இல்லை, மாணவர் சேர்க்கை வேலை இருக்கிறதாம். அடுத்த மாதக் கடைசியில் மாதா கோயில் கொடியேறினால் ஊரே கூட்டம். பிறகு பரீட்சை, அப்புறம் மழை. டிசம்பரில் திருவருகைக் காலம், பின்னாலேயே தவக்காலம், அதிலெல்லாம் நல்ல காரியம் பேச மாட்டார்கள். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு.

"கடைசியில ஒண்ணு சிக்கிருக்கு. அடுத்த வருஷம் ஜூன்ல ஒரு ஞாயித்துக்கிழமை."

ஜெபசீலி எட்டிப் பார்த்தாள். ஆறு, இருபத்தேழு என்று அடித்திருந்தார். முன்னால் இருக்க வேண்டிய இரண்டாயிரத்தை விட்டுவிட்டார்.

"அண்ணே, இது கிறிஸ்து பிறந்து இருபத்தேழாவது வருஷம். ஆண்டவரே இருந்த காலம். அவரையும் கூட்டிட்டே போய்ப் பொண்ணு கேட்டிருக்கலாம்."

தேவசகாயம் அசடு வழியச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது. மணி நாலரை.

"அவ போயிருவா குருவே. என்ன கேட்டாத்தான் இது சரியான நாளைக் காட்டும்?"

"ஒண்ணும் கேட்காதீங்க. மூணு எழுத்தை மட்டும் அடிங்க."

அடித்தார். மாதமும் கொடுக்கவில்லை, வருஷமும் கொடுக்கவில்லை.

இந்த வருஷத்து ஜூன் வந்தது. காலையிலிருந்து பார்த்த மாதங்களில் எல்லா எண்களும் ஒரே மாதிரிதான் இருந்தன. இதில் ஓர் எண் மட்டும் வெள்ளைக் கட்டத்துக்குள் பளிச்சென்று நின்றது.

"இது மட்டும் ஏன் இப்படித் தெரியுது?"

ஜெபசீலி சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் காட்டினாள், அதிலும் அதே எண்தான். மேஜை மேல் கிடந்த அவருடைய ஹெல்மெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

தேவசகாயம் திரையைப் பார்த்தார். ஹெல்மெட்டைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் மூச்சிரைக்க நூலகத்து வாசலில் நின்றார்.

"அமலி, அம்மா இப்ப வீட்டுலதான இருக்காங்க?"