தெய்வசிகாமணி உயிரோடு விட்ட கெண்டை

“நான் பிடிச்ச மீன் ஒண்ணையாவது கொன்னிருப்பனுங்களா அம்மா? நீங்களே சொல்லுங்க.”

வந்து உட்காரும் முன்பே தெய்வசிகாமணி கேட்டுவிட்டார்.

பூங்கோதையம்மா மோர்த் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

அம்மாவுக்குக் காவி கிடையாது, மடம் கிடையாது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், ஒருநாள் போதும் என்று இந்த ஏரிக்கரை ஓட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சந்தேகம் கேட்க வருகிறவர்களுக்கு மோர் கட்டாயம் கிடைக்கும். பதில் சில சமயம் கிடைக்கும்.

தெய்வசிகாமணி பம்புசெட் வியாபாரி. அம்மாவை விட வயதில் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த தூண்டிலோடு ஏரிக்கு வந்துவிடுவார். கறி மீன் தொடாத மனிதர். பிடித்த மீனையெல்லாம் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். விட்டதை நாலு பேருக்குத் தெரியப்படுத்தாமலும் இருக்கமாட்டார்.

“கையில கொன்னதில்லீங்க,” என்றார் அம்மா. “என்ன விஷயம், சொல்லுங்க.”

“என்ற தம்பி மயில்சாமிங்க. என்ற வாசப்படி மிதிக்கறதில்லை. அடுத்த மாசம் அவன் மகளுக்குக் கல்யாணம். ஊருக்கெல்லாம் பத்திரிகை வெச்சாச்சு, பெரியப்பன் எனக்கு வரலை. எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவன் நானு. எனக்கு ஏனுங்க இப்படி?”

“உங்களுக்குள்ள சண்டைங்களா?”

“இருந்துச்சுங்க. எங்கம்மா செத்த அன்னைக்கு இவன் குடிச்சுட்டு எங்கேயோ விழுந்து கிடந்தான். கடைசியா முகம் பாக்கக்கூட வரலை. ரொம்ப வருஷம் பேச்சே இல்லை. அப்புறம் குடியை விட்டுத் திருந்திட்டான். நானும் மன்னிச்சுட்டனுங்க.”

“எப்படி மன்னிச்சீங்க?”

தெய்வசிகாமணியின் முகம் மலர்ந்தது.

“என்ற மணிவிழாவுலங்க. அவனை மேடைக்குக் கூப்பிட்டேன். மைக்கைப் பிடிச்சு, அம்மா சாவுல இருந்து ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொன்னேன். சொல்லிப்போட்டு, ‘இத்தனையும் செஞ்சவனை நான் மன்னிச்சுட்டேன்’னு கட்டிப் பிடிச்சனுங்க. மண்டபமே கை தட்டுச்சு. வீடியோ இருக்குது, பாக்கறீங்களா?”

அம்மா எழுந்தார்.

“வாங்க, மீன் பிடிக்கப் போலாம்.”

தெய்வசிகாமணிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் மீன் என்றால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது அவருக்கு.

அம்மா ஒரு மூங்கில் தூண்டிலும் வாளியுமாகக் கரையோரப் புல்லருகே உட்கார்ந்தார். தெய்வசிகாமணி நின்றபடியே ஏரியின் நடுவுக்கு வீசினார். இரை இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். மறுபடி வீசினார். மறுபடி இழுத்தார். இடையில் தம்பியைப் பற்றிப் பேசினார், மருமகளைப் பற்றிப் பேசினார், தூண்டிலின் விலையைப் பற்றியும் பேசினார்.

அம்மாவின் தக்கை அமுங்கியது.

அவர் கெண்டையைக் கரையேற்றவில்லை. இரண்டு கைகளையும் தண்ணீரில் நனைத்தார். மீன் தண்ணீருக்குள் இருக்கும்போதே தூண்டில் முள்ளை எடுத்தார். வாளியைச் சாய்த்தார், அது தானாக உள்ளே போனது.

“இதென்னங்க, முகத்தைக்கூடப் பாக்கலை!” என்று சிரித்தார் தெய்வசிகாமணி.

வெயில் ஏறிய பிறகு அவருக்கும் ஒன்று மாட்டியது. நல்ல கனமான கெண்டை. கரையில் இழுத்துப் போட்டார். அது மண்ணில் துள்ளியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அழுத்தித் துடைத்தார்.

“இல்லாட்டி வழுக்குமுங்க.”

பிறகு இறுக்கிப் பிடித்துத் தூக்கினார்.

“ஒரு போட்டோ எடுங்கம்மா.”

அம்மா எடுத்தார்.

“இன்னொண்ணு. வெயில் என்ற முகத்துல விழற மாதிரி.”

அதையும் எடுத்தார். கெண்டை வாயைத் திறந்து திறந்து மூடியது.

“போய்ப் பொழச்சுக்கோ சாமி,” என்று தெய்வசிகாமணி அதை ஏரியில் வீசக் கையை ஓங்கினார்.

“ஏரியில வேண்டாமுங்க,” என்றார் அம்மா. “என்ற தொட்டியில விடுங்க.”

வீட்டுக்குப் பின்னால் ஏரித் தண்ணீர் நிரப்பிய சிமெண்டுத் தொட்டி இருந்தது. அம்மா பிடித்த கெண்டையும் அதில்தான் போனது. தெய்வசிகாமணியின் கெண்டை வாலை ஒரு வெட்டு வெட்டி அடியில் இறங்கி மறைந்தது. அதைப் பார்த்து அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

“என்ற கேள்விக்குப் பதிலுங்க?”

“கொஞ்ச நாள் இங்கேயே தங்குங்க. தினமும் தொட்டியைப் பாருங்க.”

“கல்யாண வீடுங்க அம்மா, வேலை கிடக்குது.”

“உங்களைத்தான் கூப்பிடலையே.”

தெய்வசிகாமணி தங்கினார். கோபத்தோடுதான் தங்கினார். காலையில் தொட்டியைப் பார்த்தார், மாலையில் பார்த்தார். இரண்டு கெண்டையும் நீந்திக்கொண்டிருந்தன. இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று முணுமுணுத்தார்.

பிறகு ஒருநாள் காலையில் அவருடைய கெண்டையின் மேல் சாம்பல் பூசியதுபோல் ஏதோ தெரிந்தது. மறுநாள் அது வெள்ளையாகப் பஞ்சு கட்டியிருந்தது. மீன் அடியில் இறங்காமல் மேலேயே ஒருக்களித்து மிதந்தது.

“அம்மா! தொட்டித் தண்ணி கெட்டுப்போச்சுங்க!”

அம்மா வந்தார். மற்ற கெண்டையைக் காட்டினார். அது பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

“கிட்டத்துல குனிஞ்சு பாருங்க.”

தெய்வசிகாமணி குனிந்தார்.

பஞ்சு மீன் முழுக்கப் பரவியிருக்கவில்லை. ஒரு பக்கம் நாலு பட்டையாக இருந்தது. கெண்டை மெல்லத் திரும்பியது. மறுபக்கம் ஒரே ஒரு தடித்த பட்டை.

அவர் தன் வலது கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, பிடிப்பதுபோல் விரல்களை மடக்கிப் பார்த்தார். விரலுக்கு விரல் சரியாக இருந்தது.

“வழவழன்னு இருக்குதே, அதுதான் மீனுக்குச் சட்டை,” என்றார் அம்மா. “அதைத் துடைச்சு எடுத்துட்டா, பிடிச்ச இடத்துல பூஞ்சை வந்து உக்காந்துக்கும்.”

தெய்வசிகாமணி ஏரியைத் திரும்பிப் பார்த்தார். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்.

“அப்ப நான் விட்டதெல்லாம்...”

அம்மா உள்ளே போய்க் கல்லுப்பு எடுத்து வந்தார்.

“இது பொழைக்குமுங்களா?”

“தெரியலைங்க.”

அம்மா கல்லுப்பைக் கரைத்துத் தொட்டியின் ஓரமாக ஊற்றினார். கொஞ்சம் கொஞ்சமாக, மீன் மிரளாமல் ஊற்றினார்.

தெய்வசிகாமணிக்கு மனசு கேட்கவில்லை. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

“ஆனா அம்மா, விட்டப்ப நல்லாத்தானுங்க போச்சு? வாலை வீசிட்டு எத்தனை ஜோரா போச்சு! அதுக்கு இப்படி ஆகும்னு யார் கண்டது?”

அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

“அன்னைக்கு மேடையை விட்டு உங்க தம்பி எப்படிங்க எறங்கிப் போனாரு?”

“அவனுங்களா? எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு, சிரிச்சுட்டேதானுங்க...”

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, மிதக்கும் கெண்டையின் மேல் இருந்த தன் விரல் தடங்களைப் பார்த்தார்.